இந்த வயசுல மூட்டு வலியா?

"இந்த வயசுல மூட்டு வலியா?"

இருபத்தேழு வயதில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது. பால்காரர் முதல், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்த பெரியம்மா வரை கேட்டாயிற்று. கேட்கிறவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை என்பதுதான் இதில் விசேஷம். பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒருவர் "வாயு" என்பார். ஒருவர் "சூடு" என்பார். "பிள்ளை பெத்த உடம்புக்குப் பத்தியம் இருக்கணும், நீ எங்க இருந்தே?" என்பார் ஒருவர். "உடம்பு வணங்கி வேலை செஞ்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்று முடித்து வைப்பார் இன்னொருவர்.

மூட்டு வலி என்றால் தாத்தா பாட்டி சமாசாரம் என்று நம் மனசில் பதிந்து கிடக்கிறது. தேய்மானத்தால் முழங்காலில் வருகிற வலி பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவதுதான். ஆனால் கை விரல், மணிக்கட்டு, பாதம் என்று சின்னச் சின்ன மூட்டுகளைப் பிடிக்கிற முடக்குவாதம் வயது பார்த்து வருவதில்லை. கிராமத்தில் இதைச் சரவாங்கி என்பார்கள். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. நம் நாட்டில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக என்று கணக்கு. அதாவது ஒரு பெரிய கல்யாண மண்டபம் நிறைய ஜனங்கள் இருந்தால், அதில் நாலைந்து பேர். அதிலும் இடுப்பில் கைக்குழந்தை இருக்கிற சமயம் பார்த்து வந்து நிற்கிற நோய் இது.

எனக்கு இது வந்த வழி கொஞ்சம் குழப்பமான வழி. 2006ஆம் வருஷம் ஜனவரியில் எனக்கு மூத்த பெண் பிறந்தாள். அதே வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் தெருவுக்கு சிக்குன்குனியா வந்தது. மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரே வருஷத்தில் இந்தியா முழுவதும் 13 லட்சம் பேருக்கு மேல் அந்தக் காய்ச்சல் கண்டது. 1964இல் மதராஸுக்கு ஒரு முறை வந்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கழித்து இப்படிப் படையெடுத்து வந்ததால் யாருக்கும் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. கோழிக்கும் இதற்கும் சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டு கறிக்கடைப் பக்கமே போகாதவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்! அது ஆப்பிரிக்காவில் டான்சானியா தேசத்தில் மக்கொண்டே என்கிற ஜனங்களின் பாஷைச் சொல். வளைந்து போவது என்று பொருளாம். நம் காதுக்கு 'குனி' என்றே விழுகிறது. அர்த்தமும் ஏறக்குறைய அதுதான்.

சேலையூர் பக்கம் அப்போது லாரித் தண்ணீரை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. வாசலில் டிரம், கொல்லையில் சிமெண்டுத் தொட்டி, சமையலறையில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். இந்தக் காய்ச்சலைப் பரப்புகிற கொசுவோ சாக்கடையைத் தேடாது. நாம் மூடாமல் வைக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பட்டப்பகலில் கடிக்கும். வீட்டுக்கு ஒருவராவது படுத்தோம். எனக்கும் காய்ச்சல் நாலு நாளில் விட்டது. மூட்டு வலி விடவில்லை. யாருக்குமே விடவில்லை, அதனால் எனக்கும் கவலை இல்லை. தெருவே தாங்கித் தாங்கி நடந்தது. எல்லோரும் நிலவேம்புக் கஷாயம் குடித்தோம்.

புரட்டாசிக்குள் மற்றவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்துவிட்டார்கள். அறுபது வயது தாண்டிய என் மாமியார்கூட எழுந்து பழையபடி கோயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். எனக்கு மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. தீபாவளிக்கு முறுக்கு மாவைப் பிசைந்துவிட்டேன், அச்சை அழுத்தக் கையில் பலமில்லை. விரல் கணுக்கள் வாழைப்பூ மொட்டு மாதிரி பளபளவென்று வீங்கி இருந்தன.

காலை நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயின் அடையாளமே அங்கேதான் இருக்கிறது. நாலரை மணிக்குக் கண் விழித்தால் பத்து விரலையும் ராத்திரி யாரோ கயிறு போட்டுக் கட்டினது போல இருக்கும். மடக்க வராது. மடக்கினால் நீட்ட வராது. குழந்தை அழும். விரலால் பிடித்துத் தூக்க முடியாது, முழங்கைகள் இரண்டையும் அடியில் கொடுத்து அள்ளுவேன். ரவிக்கை ஹூக் போட முடியாது. பாலைக் காய்ச்சலாம் என்றால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டும். தரையில் காலை வைத்தால் பாதத்துக்கு அடியில் கூழாங்கல் பரப்பினது போல. ஏழு, ஏழரை ஆகும் இதெல்லாம் தளர. பத்து மணிக்குப் பார்த்தீர்களானால் நான் நன்றாகவே நடமாடிக்கொண்டிருப்பேன். துணிகூடத் துவைப்பேன்.

இங்கேதான் வினை. காலையில் "முடியல" என்றவள் பத்து மணிக்குத் துணி உலர்த்துவதைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன தோன்றும்? "காலை வேலை வந்தா மட்டும் வலி வரும் போல" என்று ஒரு நாள் சமையலறையில் காதில் விழுந்தது. சொன்னவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். "நான் அஞ்சு பெத்தேன், மூணாம் மாசம் ஆட்டுக்கல்லுல மாவாட்டினேன்" என்கிறவருக்கு இது புரிய வேண்டும் என்றால், எடுத்துச் சொல்ல யாராவது வேண்டாமா? எனக்கே தெரியாதே. ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டில் வீக்கத்தின் நீர் தேங்கி விறைத்துப் போகிறது. அசைய அசையத் தளர்கிறது. தேய்மான வலிக்கு இதற்கு நேர் எதிர்: காலையில் பத்து இருபது நிமிஷத்தில் விறைப்பு போய்விடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தாலே பாதி வீடுகளில் சண்டை குறையும்.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனை எழுதினார். ஆர்.ஏ. ஃபாக்டர் 'நெகடிவ்' என்று வந்தது. "ஒண்ணும் இல்லம்மா, சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்றார். அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் வார்த்தைக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் போயிற்று. "டாக்டரே ஒண்ணும் இல்லேன்னுட்டாரே" என்றார் என் கணவர். அவரும் பாவம், நிம்மதியாகத்தான் சொன்னார்.

எங்கள் தெருக்கோடியில் சானடோரியம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா இருந்தார். எல்லோருக்கும் அவர் 'சிஸ்டரம்மா'. 2007 மாசியில் குழந்தைக்குத் தடுப்பூசி பற்றிக் கேட்கப் போனபோது என் கையைப் பார்த்தார். நாலு விரல் கணுக்களையும் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல ஒரு அமுக்கு அமுக்கினார். உயிர் போய்விட்டது எனக்கு.

"காலையில எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கு?"

"ரெண்டரை மணி நேரம்."

"ரெண்டு கையிலயும் ஒரே மாதிரியா?"

"ஆமாம் சிஸ்டர், காலும்தான்."

"வீக்கம் எத்தனை வாரமா?"

வாரமா? ஆறு மாசம் ஆகியிருந்தது.

"ஆறு வாரம் தாண்டினாலே காட்டணும்மா. இதுக்குன்னே ருமட்டாலஜின்னு தனிப் பிரிவு ஜி.எச்.ல இருக்கு. நாளைக்கே போ" என்றார். அந்தச் சொல்லையே அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். எலும்பு டாக்டர் வேறு, இவர்கள் வேறு. முறிவு, தேய்மானம், ஆபரேஷன் என்றால் எலும்பு டாக்டர். மூட்டு காரணமில்லாமல் வீங்கினால் ருமட்டாலஜி டாக்டர்.

தாம்பரத்தில் பீச் வண்டி ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ஜி.எச். பக்கம்தான். (2011லிருந்து அதற்கு ராஜீவ் காந்தி பெயர்.) தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டை ஏறினதுதான் பெரிய யாத்திரை. அங்கே பார்த்த டாக்டரம்மா முதலில் கையைத்தான் பார்த்தார். ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டு, கடைசியில்தான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினார்.

"ரத்தத்துல தெரியலேன்னா நோய் இல்லேன்னு அர்த்தம் இல்லம்மா. இந்த வியாதிக்காரங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்காவது அந்த டெஸ்ட் நெகடிவ்வாத்தான் வரும்" என்றார்.

"அப்போ இது சிக்குன்குனியா மிச்சமா, முடக்குவாதமா?"

"ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சிக்குன்குனியா சிலருக்கு வருஷக்கணக்குலகூட மூட்டுல தங்கிடும். பேர் வைக்கிறதுக்காக நாம காத்துட்டிருந்தா எலும்பு அரிச்சிடும். இப்பவே மருந்து ஆரம்பிக்கலாம்."

நமக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இது: மூட்டுக்கு உள்பக்கம் மெல்லிசாக ஒரு சவ்வு இருக்கிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல் படையே அந்தச் சவ்வைப் பகை என்று நினைத்துத் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கிக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. அரிப்பு முதல் ஓரிரண்டு வருஷத்திலேயே வேகமாக நடந்துவிடும். அரித்த எலும்பு திரும்ப வளராது, கோணின விரலை மாத்திரையால் நிமிர்த்த முடியாது. 'பார்க்கலாம், போகப் போகச் சரியாகும்' என்று நாம் ஓட்டுகிற மாதங்கள்தான் விலை மதிப்புள்ள மாதங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்குப் பால் மறக்கடித்த பிறகு எனக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது இதைச் சாப்பிடக் கூடாது. இதே மருந்தைப் பெரிய அளவில் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள் என்பதால் பெயரைக் கேட்டாலே சிலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மூட்டுக்குக் கொடுப்பது மிகக் குறைந்த அளவு. அமெரிக்காவில் 1988லேயே இதற்கென்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் சகோதரிகளே, ஒரு விஷயத்தை மட்டும் எப்பாடு பட்டாவது நினைவில் வையுங்கள். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை. தினசரி மாத்திரை இல்லை. தவறித் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். நான் தினசரி காலண்டரில் சனிக்கிழமைத் தாள்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பேன். மாத்திரையைக் கடவுள் படத்துக்குப் பக்கத்தில் தனி டப்பாவில் வைப்பேன், மற்ற மாத்திரைகளோடு கலக்க விடுவதில்லை. மறுநாள் கொஞ்சம் குமட்டும். போலிக் ஆசிட் மாத்திரை வேறு நாளில் சாப்பிடச் சொல்வார்கள், அது இந்தக் குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கும். ரத்தத்தையும் ஈரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். பலன் தெரிய ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். எனக்குப் பத்தாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டைக் கையாலேயே கிழித்தேன்.

அதுவரைக்கும் தாங்குவதற்குக் கொஞ்ச காலம் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஸ்டீராய்டின் கதை ஒன்றை நான் படித்தேன், அது நம் போன்ற ஒரு பெண்ணின் கதைதான். அமெரிக்காவில் மாயோ கிளினிக்கில் ஹென்ச் என்று ஒரு டாக்டர். முடக்குவாதம் வந்த பெண்கள் கர்ப்பம் தரித்தால் வலி தானாகவே குறைந்துவிடுவதை அவர் கவனித்தார். மஞ்சள் காமாலை வந்தாலும் அப்படியே குறைந்தது. அப்படியானால் உடம்பே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று தேட ஆரம்பித்தார். 1948 செப்டம்பர் 21ஆம் தேதி, படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருத்திக்கு கார்ட்டிசோன் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவள் கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தாள்! 1950இல் ஹென்ச்சுக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் என்கிற இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அதிக அளவில் நாள்பட்டுச் சாப்பிட்டவர்களுக்கு முகம் ஊதியது, எலும்பு பலவீனமானது, சர்க்கரை ஏறியது. அதிசய மருந்தின் மறுபக்கம் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

இதை எதற்காக நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் பெயரில்லாத பொட்டலத்தில் விற்கிற சில மூட்டு வலிப் பொடிகளில் இந்த ஸ்டீராய்டைத்தான் கலக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருத்தி அப்படி ஒரு பொடி சாப்பிட்டாள். இரண்டே நாளில் எழுந்து ஓடினாள். "நீ ஏன் மாசக்கணக்குல மாத்திரை தின்னுட்டிருக்கே?" என்று என்னைக் கேட்டாள். அடுத்த பொங்கலுக்குள் அவள் முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டுவிட்டது, சர்க்கரை வந்துவிட்டது. பயந்து ஒரேயடியாக நிறுத்தினதில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நாட்டு மருந்தே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் சானடோரியத்திலேயே 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, படித்த சித்த டாக்டர்கள் இருக்கிறார்கள், எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். அது வேறு. என்ன மருந்து என்று எழுதாத பொட்டலம் வேறு. சித்த மருந்து சாப்பிட்டாலும் இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்தையும் சொல்லிவிட வேண்டும்.

ஹென்ச் கண்டுபிடித்ததை என் உடம்பிலேயே பார்த்தேன். "ஒண்ணோட நிறுத்திட்டியே, ஒரு பையன் வேணாமா" என்று வீட்டில் நச்சரிப்பு. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது, சிசுவுக்கு ஊனம் வரலாம். அந்தக் காலம் முழுவதும் கருத்தடை கட்டாயம். குழந்தை வேண்டும் என்று தீர்மானித்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்து, பழையது உடம்பை விட்டுப் போக மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார். 2011இல் உண்டானேன். நாலாம் மாதத்திலிருந்து வலி என்பதே இல்லை! பாதிப் பேருக்கு மேல் இப்படிக் குறையுமாம். சீமந்தத்தில் கண்ணாடி வளையல் கை நிறைய ஏறியது. கணு வீக்கம் இருந்த காலத்தில் ஒரு வளையல்கூட ஏறினதில்லை. பிரசவமாகி இரண்டு மாதத்தில் வலி திரும்பி வந்தது. வரும் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் இந்தத் தடவை என் அம்மா வந்து நாலு மாதம் கூடவே இருந்தார். முடக்குவாதம் முதல் தடவையாகத் தலைகாட்டுவதும் பல பேருக்குப் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில்தான். ஆகவே 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டாவதும் பெண்தான். மாமியார்தான் முதலில் தூக்கிக் கொஞ்சினார்.

சமையலறை வேலைக்கு வருவோம். மருந்து ஒரு பக்கம் என்றால் கை வைத்தியம் என்று நான் சொல்வது, கைக்கு வேலை கொடுக்கும் விதத்தை மாற்றுவதைத்தான். விரல் நுனியில் விழுகிற பாரத்தை உள்ளங்கைக்கு மாற்று, உள்ளங்கைப் பாரத்தை முன்கைக்கு மாற்று என்று ஜி.எச். பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றதை நானே கண்டுபிடித்தேன். கரண்டி, கத்தி, பல் தேய்க்கிற பிரஷ், எல்லாவற்றின் பிடியிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். பிடி தடித்தால் விரல் மடங்கின அளவிலேயே பிடிக்கலாம். துணியை முறுக்கிப் பிழியாமல் குழாயைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் சேர்த்து உள்ளங்கையால் இழுப்பேன். முழுக் குடம் தூக்குவதில்லை. அரைக் குடமாக இரண்டு நடை. வாணலியை ஒரு கையால் பிடித்து இறக்குவதில்லை. அரிவாள்மணையில் குந்தி உட்காருவதை விட்டு மேஜையில் கத்திக்கு மாறினேன். மறுநாளுக்கான காய், தேங்காய்த் துருவல் எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கே முடிந்துவிடும், ஏனென்றால் அப்போதுதான் என் கை என் சொல்படி கேட்கும். காலையில் எழுந்ததும் ஒரு அகலப் பாத்திரத்தில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, கையை அமிழ்த்திப் பத்து நிமிஷம் விரலை மடக்கி நீட்டுவேன். கோலத்துக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. விரல் நுனியில் மாவை எடுத்து இழுப்பது வரவே வரவில்லை. மூன்று வருஷம் எங்கள் வாசலில் கோலக் குழல் உருட்டின கோடுகள்தான்.

வீங்கிச் சுடுகிற நாளில் மூட்டுக்கு ஓய்வு வேண்டும். அந்த நாளில் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், நெட்டி முறிப்பதும் கூடாது, இதமாகத் தடவிக்கொள்ளலாம். வீக்கம் தணிந்தால் ஓய்வே கூடாது, நடக்க வேண்டும், விரல்களை அசைக்க வேண்டும். அசைக்காத மூட்டு இறுகிப் போகும். இதய மாற்று அறுவை சிகிச்சையை உலகில் முதன்முதலாக 1967 டிசம்பரில் செய்த தென்னாப்பிரிக்க டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டுக்கு 1956லேயே, முப்பத்து சொச்சம் வயதில், இந்த முடக்குவாதம் வந்துவிட்டது. அந்தக் கைகளோடுதான் அந்த ஆபரேஷனைச் செய்தார், 1983 வரை கத்தி பிடித்தார். இதை வீட்டில் சொன்ன அன்றைக்கு என் மாமனார் மட்டும் பேப்பரிலிருந்து தலையை எடுத்து என் கையைப் பார்த்தார்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காத பேரில்லை. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி, புளி, தயிர், எதைச் சொன்னாலும் "வாயு" என்று விலக்குவார்கள். அப்படி விலக்கினால் நோய் குறையும் என்று நிரூபணம் எதுவும் இல்லை என்றார் டாக்டரம்மா. எல்லாவற்றையும் விலக்கி ரத்த சோகையில் வந்து நிற்கிற பெண்களைத்தான் அவர் அதிகம் பார்க்கிறாராம். கேழ்வரகு, பால், கீரை, பயறு, முட்டை என்று நன்றாகச் சாப்பிடுங்கள். முடக்கத்தான் கீரைத் தோசை எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் உண்டு. முடக்கை அறுப்பதால் அந்தப் பெயர் என்று அம்மா சொல்வார். ருசிக்காகவே சாப்பிடலாம், ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இளம் வயதில் மூட்டு வலி என்றால் எல்லாமே முடக்குவாதம் என்று பயப்படவும் வேண்டாம். தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் டி குறைந்தாலும் உடம்பு வலி, மூட்டு வலி வரும். மூட்டு வலியோடு வெயிலில் போனால் கன்னங்கள் சிவந்து தடிப்பது, வாய்ப்புண், முடி கொத்தாகக் கொட்டுவது இருந்தால் அது லூபஸ் என்கிற வேறு நோயாக இருக்கலாம், அதுவும் இளம் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கும். வீட்டில் இருபது வயதுத் தம்பியோ கொழுந்தனோ விடியற்காலை இடுப்பு விறைத்து எழ முடியவில்லை என்று மாதக்கணக்கில் சொன்னால், "பைக் ஓட்டினா அப்படித்தான்" என்று விடாமல் இதே டாக்டரிடம் அனுப்புங்கள்.

குழந்தைகள் விஷயம் முக்கியம். ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து போன இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோடு இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கணுக்கால் என்று வலி தாவித் தாவி வந்தால், 'வளர்கிற வலி' என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வலி தானே போய்விடும், ஆனால் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். அதற்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி வருஷக்கணக்கில் போட வேண்டும்; ஒன்றுகூடத் தவறவிடக் கூடாது.

இன்றைக்கு என் வலது கையில் இரண்டு விரல் லேசாகச் சாய்ந்திருக்கிறது. முஷ்டி முழுசாக மூடாது. மற்றபடி மாத்திரையோடு ஓடுகிறது. பழைய மருந்துகளுக்குக் கேட்காதவர்களுக்கு இப்போது புது ஊசிகள் வந்திருக்கின்றன. விலை அதிகம், அவற்றைப் போடுவதற்கு முன் உடம்பில் காசநோய் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். 1928இல் காசநோய்க்காகவே ஆரம்பித்த சானடோரியத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எங்களுக்கு அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் போகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்: காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு விரல் தளர்ந்தது, எந்தெந்த மூட்டு. வீக்கம் தெரிகிற நேரத்தில் கையைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் ஓ.பி. வரிசையில் உங்கள் முறை வருவதற்குள் பத்து மணி ஆகி வீக்கம் வடிந்திருக்கும். பழைய ரிப்போர்ட்டு, சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை, பொடி ஏதாவது சாப்பிட்டிருந்தால் அந்தப் பொட்டலம், எல்லாம் பையில் இருக்கட்டும். முடிந்தால் கணவரை அழைத்துப் போங்கள், டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும். பால் கொடுக்கிறீர்கள் என்றாலோ, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றாலோ, உட்கார்ந்தவுடன் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.